ஐஸ் பெட்டி படகில், நாங்கள் தண்ணீரில்

“கையால தடவுறவங்களுக்குப் போட்டு எதுக்குமா?”

படகுக்காரர் தேசப்பன் அண்ணன் இதைக் கேட்டபோது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். பள்ளிக்கூடத்துத் துணியோடு, அம்மா பிடித்த இறாலைப் பழவேற்காட்டு ஏலக் கொட்டகைக்கு எடுத்துப் போயிருந்தேன். “எங்க அண்ணன் ஒருநாள் சொந்தமா போட்டு வாங்கும், பாருங்க” என்று நான் வாயை விட்டதற்கு வந்த பதில் அது. அவர் கேலியாகக்கூடச் சொல்லவில்லை. மீனுக்குச் செருப்பு எதற்கு என்று கேட்பதுபோல, உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்.

அதில் நியாயமும் இருந்தது. எங்கள் ஏரியில் வலை போடும் இடங்களுக்கு முறை உண்டு. எந்த ஊருக்கு எந்த நாள், எந்த இடம் என்று படகுக்காரர்கள் தங்களுக்குள் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த முறையில் தோணிரேவுப் பக்கம் இருக்கும் எங்கள் குப்பத்தின் பெயர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் குந்திக் குந்தி நகர்ந்து, சேற்றைத் தடவி இறாலும் நண்டும் எடுக்கிறவர்கள். எடுத்ததைப் போட ஓலைப் பறி. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியைப் பல்லால்தான் கடித்துக்கொள்ள வேண்டும். நானும் கடித்திருக்கிறேன். மாலத்தீவில் ஒரு பல் மருத்துவர் என் முன்பற்களைப் பார்த்துவிட்டு, “சின்ன வயதில் குழல் வாசிப்பாயா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பொன்னேரியில் மீன் பதப்படுத்தும் படிப்பு முடித்து, இப்போது மாலத்தீவில் ஒரு சூரைமீன் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் படகுகள் வந்ததும் மீனுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, சூடாக இருந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது என் வேலை. தாடி வைத்த பெரிய பெரிய மாலுமிகள் என் பேனா நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்க மாட்டேன்.

தை முடிகிற சமயத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. “மோனா, போட்டு வாங்கிட்டேன்” என்றான். பழைய ஃபைபர் படகு, இன்ஜினோடு. ஏழுமலை என்கிற என் அண்ணன் பதினாறு வயதிலிருந்து தேசப்பன் அண்ணனுடைய ஏரிப் படகில் கூலிக்குப் போகிறவன்; கடலுக்குப் போனதில்லை. ஏரியில் எங்களுக்கு முறை இல்லை. ஆனால் கடலுக்கு அந்த முறை கிடையாது. சூரைக்குத் தூண்டில் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை. தேசப்பன் அண்ணன் ஒரே ஒரு தடவை வந்து வழி காட்டுவதாகச் சொல்லியிருந்தார். “அந்த ஒரு தடவ சரியா வரலன்னா திங்கக்கெழமலேர்ந்து பழையபடி அவரு போட்டுலயே ஏறிடுவேன். நம்ம போட்ட வித்துடுவேன்” என்றான் அண்ணன். அவன் குரலில் அதற்குள்ளேயே விற்றுவிட்டவனின் அலுப்பு இருந்தது.

பத்து நாள் விடுப்பு போட்டேன். பெட்டியில் துணியைவிடத் தூண்டில்தான் அதிகம்.

* * *

முதல் நாள் காலை நேராகக் காசிமேடு. அண்ணன் துறைமுக வாசலில் எனக்காகக் காத்திருந்தான். முதலில் நாஸ்டா என்றான். கையேந்திக் கடையில் நாலு இட்லியின் மேல் வடகறியை ஊற்றி வாழை இலைத் துண்டில் கொடுத்தார்கள். தீவில் என் காலை உணவு சூரையை உதிர்த்துத் தேங்காய்த் துருவல், வெங்காயம், எலுமிச்சைச் சாறு பிசைந்து ரொட்டியோடு தருவது. நல்ல ருசி. ஆனாலும் மூன்று வருடமாக நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டே வடகறியை நினைத்திருக்கிறேன். இப்போது வடகறி கைக்கு வந்ததும் அந்தச் சூரையை நினைத்துக்கொண்டேன். மனசு எப்போதும் அடுத்த தட்டில்தான் இருக்கிறது.

தூண்டில் கடையில் அண்ணன் நைலான் நரம்பைத் தேர்வு செய்த விதத்தைப் பார்த்துக் கடைக்காரர் அசந்துவிட்டார். ஒவ்வொரு சுருளிலிருந்தும் ஒரு முழம் இழுத்து, பின்பல்லில் வைத்துக் கடித்து, கண்ணை மூடி யோசித்தான்.

“இன்னா நைனா, டேஸ்டு பாக்குறியா? உப்பு போட்டுத் தரட்டா?”

“இதுல பல்லு எறங்குது. இது வாணாம். அத எடு.”

கடைக்காரர் சிரித்தார். ஆனால் அண்ணன் ஒதுக்கிய சுருளை அவரும் ஓரமாகத்தான் வைத்தார். பறி கடித்துப் பழகிய வாய்க்கு எது தாங்கும், எது அறுந்துவிடும் என்று தெரியும். நான் என் பங்குக்கு நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் இருக்கச் சுழல் வளையங்களும், சூரை கடித்து அறுக்காமல் இருக்க மெல்லிய கம்பியும் வாங்கினேன். அப்புறம் பையைத் திறந்து தீவிலிருந்து கொண்டுவந்த தூண்டில்களை மேசைமேல் வைத்தேன். வெள்ளிபோல மின்னும் தண்டு. நுனியில் எதிர்முள் கிடையாது. அங்கே ஒவ்வொரு படகிலும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “முள்ளு எங்கமா?”

“இதுக்கு முள்ளு கிடையாதுங்க. அங்கல்லாம் இதுதான்.”

“மீனு வந்து கவ்வி, சலாம் போட்டுட்டுப் போயிடுமா?”

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தங்கச்சி கொண்டுவந்தது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினான். அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

அப்புறம் ஐஸ் பெட்டி. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சூரைக்கு ரத்தம் சூடு. பிடித்த உடனே ஐஸில் புதைக்காவிட்டால் சில மணி நேரத்தில் மீனுக்குள்ளேயே விஷம் ஊறிவிடும். சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகும். எங்கள் பக்கம் சூரையை யாரும் மதிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். மீன் எவ்வளவு எடையோ அவ்வளவு எடை ஐஸ் வேண்டும் என்று சொல்லி, கடையிலேயே பெரிய பெட்டியை எடுத்தேன். நான் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிது.

அதை ஊருக்குக் கொண்டுபோனதுதான் கதை. புறநகர் ரயிலில் கூடைக்காரர்களுக்கான பெட்டியில் ஏற்றிவிட்டோம். பொன்னேரியில் பேருந்து நடத்துனர் ஒரு பார்வை பார்த்தார். “இன்னாது இது, பொணப் பொட்டியா?”

“ஐஸ் பொட்டிணா.”

“பொணம் இருந்தாலாவது பாவம்னு ஏத்திக்குவேன். எறக்கு, எறக்கு.”

கடைசியில் வைக்கோல் ஏற்றப் போகும் ஒரு டிராக்டர்காரர் திருப்பாலைவனம் வரை விடுவதாகச் சொன்னார். பெட்டியோடு பெட்டியாக நாங்களும் உட்கார்ந்துகொண்டோம். அறுவடை முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்தன. இதே சாலையில்தான் நான் ஏழு வருடம் பேருந்துப் படியில் தொங்கிப் படிக்கப் போனேன். என் மேல் இறால் வாடை அடிக்கிறது என்று பக்கத்தில் உட்காராத பெண்கள் ஏறும் நிறுத்தம் எது, ஒருநாள் தானாகவே என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட டீச்சரம்மா இறங்கும் நிறுத்தம் எது என்று எல்லாம் அப்படியே நினைவில் இருந்தது. நிறுத்தங்கள்தான் பெயர்ப்பலகை மாற்றிக்கொண்டிருந்தன.

திருப்பாலைவனத்தில் டிராக்டர் எங்களை இறக்கிவிட்டு வயலுக்குத் திரும்பிவிட்டது. அடுத்த வண்டி கிடைக்கும்வரை டீக்கடை முன்னால் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தோம். நெல் மூட்டை கட்டிவிட்டு வந்த ஒரு விவசாயி கதையைக் கேட்டார். “சூரைன்னா கறுப்பு ரத்தமா கீமே, அதுவா? அத யாருமா துன்னுவாங்க?”

“நான் இருக்கிற ஊர்ல மூணு வேளையும் அதுதாங்க.”

அவர் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்துவிட்டு, எனக்கு ஒரு மசால்வடை வாங்கிக்கொடுத்தார்.

* * *

படகு எங்கள் குப்பத்துக் கரையில், முழங்கால் தண்ணீரில் நின்றது. நீலப் பெயின்ட் உரிந்து, உள்ளே யாருடையதோ பழைய பெயர் பாதி தெரிந்தது. அம்மா தினமும் காலையில் ஏரியில் இறங்கும்போது அதன் பக்கத்தைக் கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போகிறாள் என்று அண்ணன் சொன்னான். குப்பத்தில் அதுதான் முதல் படகு.

இரண்டாம் நாள் தேசப்பன் அண்ணன் பார்க்க வந்தார். தலை நரைத்துவிட்டது. குரல் மாறவில்லை.

“இன்னாம்மா லேபு டீச்சர், பொட்டிக்குப் போட்டு வாங்கினியா, போட்டுக்குப் பொட்டி வாங்கினியா?”

“மீன் கெடாம இருக்கணும்ணா.”

“மீனு கெடாது சரி. இத்தினி ஐஸ ரொப்பினு மொகத்துவாரம் எப்டித் தாண்டுவ? மாசி வந்துட்டா மணலு ஏறிடும். நம்மாளுங்க ஐஸ அந்தாண்ட கடல் கரையில ஏத்துவாங்க.”

நான் போனை எடுத்து அலை ஏறும் நேரத்தைக் காட்டினேன். தண்ணீர் ஏறி நிற்கும்போது தாண்டிவிட்டால் போதும் என்று விளக்கினேன். கணக்கு சரிதான். குப்பத்துக்காரர்களுக்கும் நான் சொன்னதுதான் பிடித்தது. முதல் படகு நம்முடைய கரையிலிருந்தே, முழுசாகக் கட்டி ஏற்றி, கற்பூரம் காட்டித்தான் கிளம்ப வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எங்கேயோ ஒரு கரையில் ஐஸை ஏற்றினால் யார் பார்ப்பார்கள்? எனக்கும் அந்த ஆசை இருந்தது. கற்பூரத்தை நான்தான் வாங்கிவந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் பூட்டுவதும் கழற்றுவதும்தான். பெட்டியை நடுவில் வைத்தால் நகர இடமில்லை. பின்னால் வைத்தால் இன்ஜின் பக்கம் தாழ்ந்தது. முன்பக்கம் தள்ளிக் கயிற்றால் நான்கு மூலையும் கட்டினோம். நரம்பைச் சுற்றி வைக்க மரக்கட்டைகள், மீனைத் தூக்க நீளக் கம்பில் கட்டிய கொக்கி, மூன்று லைஃப் ஜாக்கெட், ஜிபிஎஸ். அண்ணன் நரம்பு அளந்தபோது கூட இருந்தவர்கள் ஆளாளுக்குச் சொன்ன அளவு எனக்குச் சிரிப்பை மூட்டியது. எங்கள் குப்பத்தில் தண்ணீருக்குக் கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து என்று நான்கு அளவுதான். கழுத்துக்கு மேல் அளவே கிடையாது, ஏனென்றால் அங்கே நாங்கள் போவதில்லை.

“சூரை எத்தினி ஆழத்துல கீது?” என்று அம்மா கேட்டாள்.

“நூறு ஆளு ஒருத்தர் தலமேல ஒருத்தர் நின்னா எவ்ளோ, அவ்ளோ தண்ணிமா அங்க. ஆனா மேலேயும் வரும்” என்றான் அண்ணன்.

“அப்ப மேல வர்றத மட்டும் புடிங்க. கீழ கீறது கீழயே இருக்கட்டும்” என்றாள்.

படகு ஓடும்போது பின்னால் இழுத்துப் போகும் தூண்டில்கள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்க, இரண்டு பக்கமும் மூங்கிலை நீட்டிக் கட்ட வேண்டும். நல்ல மூங்கிலுக்காக ஐந்தாம் நாள் ஏரி வழியாகவே சுண்ணாம்புக்குளத்துக்குப் போனோம். ஆந்திரா பக்கத்தில் என்பதால் மூங்கில்காரர் பாதி தெலுங்கில் பேரம் பேசினார், பாதி தமிழில் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் வீட்டில் மடவை மீன் குழம்பு. முந்தின நாள் வைத்தது என்று மன்னிப்பு வேறு கேட்டார். முந்தின நாள் குழம்புக்கு மன்னிப்புக் கேட்கிற ஊர் இது ஒன்றுதான் இருக்கும். அன்றைக்குத்தான் அது குழம்பாகியிருந்தது.

திரும்பும்போது மூங்கிலைப் பின்னால் கட்டி மிதக்கவிட்டு இழுத்துவந்தோம். பூநாரைகள் நின்ற மேட்டுக்குப் பக்கத்தில் படகு சேற்றில் தட்டியது. அண்ணன் ஒன்றும் யோசிக்கவில்லை. நானும்தான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் குதித்து, முதுகைக் கொடுத்துத் தள்ளினோம். படகு வழுக்கிக்கொண்டு போனது, நாங்கள் ஓடிப் போய் ஏறிக்கொண்டோம். ஏரிக்காரர்களுக்குப் படகு தட்டினால் அதுதான் பழக்கம். தும்மல் வந்தால் தும்முவதுபோல. சேறு விரலிடுக்கில் பிதுங்கி ஏறியபோது மூன்று வருடமாக என் கால் எதைத் தேடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. தீவில் எங்கு பார்த்தாலும் வெள்ளை மணல். அழகுதான். ஆனால் அது காலைப் பிடித்துக்கொள்ளாது.

* * *

ஆறாம் நாள் விடியும் நேரம். பெட்டி நிறைய ஐஸ். குப்பமே கரையில் நின்றது. மூன்றாவது ஆளாக நான் ஏறியதும் தேசப்பன் அண்ணன் இன்ஜினை விட்டுக் கையை எடுத்தார்.

“பொம்பள கடலுக்கு வர்றதா? எங்க ஊர்ல சொன்னா என்ன அடிப்பாங்க.”

அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே சொன்னாள்: “ஏரியில பொம்பள எறங்கலாம், கடல்ல ஏறக் கூடாதா? ஐஸு போட யாரு வருவா, உங்க வூட்டுக்காரம்மாவா?”

“அவ வந்தா நான் கரையிலியே நின்னுக்குவேன், தாயி” என்றார் அவர். கிளம்பினோம்.

ஏரியைத் தாண்டி முகத்துவாரத்துக்கு வந்தபோது தண்ணீர் நன்றாக ஏறித்தான் இருந்தது. என் கணக்கில் பிழை இல்லை. ஆனால் கணக்கில் மணல் இல்லை. ஏரி கடலில் சேரும் அந்த வாயில் மணல் தினமும் இடம் மாறும் என்று போனில் எங்கே போட்டிருக்கும்? முதல் அலையின் மேல் ஏறினோம். அலை இறங்கியதும் படகின் அடி ‘தடக்’ என்று தரையில் உட்கார்ந்தது. ஐஸ் பெட்டி ஒரு முனகு முனகியது. தேசப்பன் அண்ணன் இன்ஜின் விசிறியைச் சட்டென்று தூக்கினார். அடுத்த அலை பக்கவாட்டில் அடித்து எங்களை நனைத்தது.

அப்போதுதான் நாங்கள் அதைச் செய்தோம். படகு தட்டியது, இரண்டு பேரும் இரண்டு பக்கமும் குதித்துவிட்டோம்.

“டேய்! எறங்காதீங்கடா!” என்று அவர் கத்தியது தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் காதில் விழுந்தது.

கடல்காரர்கள் முகத்துவாரத்தில் இறங்கவே மாட்டார்கள். ஏன் என்று உடனே புரிந்தது. எங்கள் இரண்டு பேர் கனம் குறைந்ததும், அடுத்து வந்த அலை படகை இலைபோலத் தூக்கிக்கொண்டது. நாங்கள் தள்ளக் கை வைப்பதற்குள் அது கையைவிட்டு நழுவி, மேட்டைத் தாண்டி, ஆழத்தில் இறங்கி ஓடியது. உள்ளே தேசப்பன் அண்ணன், ஐஸ் பெட்டி, மூங்கில், தூண்டில் எல்லாம். வெளியே நானும் அண்ணனும், மார்பளவு தண்ணீரில். அவரால் திரும்ப முடியாது. திரும்பினால் அலை படகைக் கவிழ்த்துவிடும். இழுப்பு எங்கள் காலைக் கடல் பக்கம் பறித்துக்கொண்டிருந்தது.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்தேன். பயத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது. “முடிஞ்சிச்சு மோனா” என்றான். “இத ஊர்பூரா சொல்லிடுவாரு.”

“கால் இன்னா சொல்லுது?” என்று கேட்டேன்.

சின்ன வயதில் ஏரியில் நாங்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. தண்ணீர் கலங்கியிருக்கும், கண்ணால் ஒன்றும் தெரியாது. பாதம் சொல்வதுதான். கெட்டியாக, வரி வரியாக இருந்தால் மேடு. மிருதுவாகச் சரிந்தால் பள்ளத்தின் ஓரம். குதிகாலை முதலில் வை, பள்ளம் இருந்தால் பின்னால் விழுவாய், முன்னால் விழ மாட்டாய் என்று அம்மா பழக்கியிருந்தாள். குதிகாலை வைத்தேன். வரி வரியாக இருந்தது.

“தெக்கால போவுது” என்றான் அண்ணன். அவன் குரல் மாறியிருந்தது.

கையைக் கோத்துக்கொண்டு தடவித் தடவி நடந்தோம். அலை வரும்போது எம்பி விடுவது, போனதும் பாதத்தை ஊன்றுவது. மேடு நேராகப் போகவில்லை. நண்டுக் கால்போல வளைந்து, தெற்கில் போய், மறுபடி கடல் பக்கம் திரும்பியது. இடையில் ஓர் இடத்தில் என் கால் சரிந்து, தலைவரை முங்கி எழுந்தேன். இரண்டடி பின்வாங்கி மறுபடி வரியைப் பிடித்தோம். மேட்டின் நுனிக்கு வந்தபோது கழுத்தளவு தண்ணீர். எங்கள் கடைசி அளவு. ஆனால் அங்கே அலை உடையவில்லை. எங்களுக்குப் பின்னால்தான் உடைந்துகொண்டிருந்தது.

தேசப்பன் அண்ணன் படகின் மூக்கை எங்கள் பக்கம் திருப்பி, மெதுவாக வந்து கயிற்றை வீசினார். ஏறி விழுந்தோம். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். நாங்கள் வந்த வழியையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த மேடு அப்டி வளையுதா?”

“ஆமாண்ணா. நடுவுல ஒரு பள்ளம் கீது. நாலு ஆளு அகலம்” என்றான் அண்ணன்.

“இருவத்தஞ்சு வருசமா இதும்மேல போறேன்” என்றார். “கீழ இன்னா கீதுனு இன்னிக்குதான் ஒருத்தங்க சொல்றாங்க.” பிறகு இன்ஜினை முடுக்கிவிட்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, “பைத்தியக்காரக் குடும்பம்” என்றும் சொன்னார்.

* * *

சூரையைத் தேட வேண்டியிருக்கவில்லை. கரை மறைந்து வெகுநேரம் கழித்து ஓர் இடத்தில் பறவைகள் கூட்டமாகக் கவிழ்ந்து விழுந்துகொண்டிருந்தன. கீழே கடல் கொதிப்பதுபோலச் சின்ன மீன்கள் துள்ளின. மூங்கில்களை விரித்தோம். நான்கு தூண்டில். அண்ணன் என் தீவுத் தூண்டில்களை மூன்றில் கட்டியிருந்தான். நான்காவதில் தேசப்பன் அண்ணன் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்த ஒன்றைக் கட்டினார். சாதா இரும்புத் தூண்டில். நைலான் சாக்கு நாரும் ஜிகினாக் காகிதமும் சுற்றியது.

முதலில் கடித்தது என்னுடையதில்தான். நரம்பு கிறீச்சிட்டது. அண்ணன் இழுத்தான். அலை படகைத் தூக்கிப் போட்ட ஒரு நொடியில் நரம்பு தொய்ந்தது. மீன் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பக்கத்தில் வந்து, நீல முதுகைக் காட்டிவிட்டு, தலையை ஓர் ஆட்டு ஆட்டிக் கழன்றுகொண்டது.

“சலாம் போட்டுச்சா?” என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நான் வாயைத் திறந்தேன். அங்கே இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்ல ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருடமாக ஆயிரக்கணக்கில் சூரையைத் தொட்டிருக்கிறேன். ஒன்றுகூட உயிரோடு இருந்ததில்லை. அவர்கள் நீளக் கம்பால் தூக்கிப் போடுகிறார்கள் என்று தெரியும். எப்படித் தூக்குகிறார்கள், முள் இல்லாமல் எப்படி நிற்கிறது என்று தெரியாது. தூண்டிலைத்தான் வாங்கி வந்திருந்தேன். கையை வாங்கி வரவில்லை.

“மாத்துண்ணா, எல்லாத்தையும் மாத்து” என்றேன் அண்ணனிடம். தேசப்பன் அண்ணன் சட்டைப்பையில் இன்னும் மூன்று ஜிகினாத் தூண்டில் இருந்தன. சரியாக மூன்றுதான் தேவைப்படும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு பேச நேரமில்லை. மதியம் திரும்பும்போது பதினான்கு சூரை. ஒவ்வொன்றும் ஏறியவுடன் ரத்தத்தை வடித்து, ஐஸில் புதைத்து, மேலேயும் ஐஸைப் போட்டு மூடினேன். அது என் வேலை. அதில் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முகத்துவாரத்துக்கு வந்ததும் தேசப்பன் அண்ணன் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்தார். இந்தத் தடவை அவரே சொன்னார்: “எறங்குங்க.” மேட்டின் நுனியில் நானும் அண்ணனும் இறங்கினோம். கனம் குறைந்த படகு மீனோடும் ஐஸோடும் அலை மேல் ஏறி ஏரிக்குள் போனது. நாங்கள் எங்கள் வளைந்த வழியில் நடந்து போய், உள்ளே அமைதியான தண்ணீரில் ஏறிக்கொண்டோம்.

ஏலக் கொட்டகையில் வியாபாரி ஒரு மீனின் வயிற்றில் கட்டைவிரலை அழுத்தினார். விரலை எடுத்துப் பார்த்து, மறுபடி அழுத்தினார். நான் வெப்பமானியைச் செருகிக் காட்டினேன். “இன்னா இவ்ளோ சில்லுனு கீது? யாரு போட்ட ஐஸு?” என்றார். தேசப்பன் அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, “அதோ, அந்தப் பொட்டிக்காரம்மா” என்றார். வியாபாரி நாளைக்கும் இதேபோல வந்தால் தனக்கே தரச் சொன்னார்.

ஞாயிறு சாயங்காலம்வரை அண்ணன் திங்கட்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. தேசப்பன் அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கியபோது அவன் முகம் சுருங்கிப்போனது.

“ஏழுமல, உன் எடத்துக்கு வேற ஆளச் சொல்லிட்டேன்” என்றார் அவர். “என்ன நம்பிகினு இருக்காத.”

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனவர், கொஞ்ச தூரத்தில் காலை ஊன்றி நின்றார். “மொகத்துவாரத்துல மேடு எங்க வளையுதுனு அப்பப்ப சொல்லு. எங்க பசங்களுக்குச் சொல்லணும்.”

அம்மா அன்றைக்குச் சூரைக்குக் குழம்பு வைத்தாள். புளி தூக்கலாக, மாங்காய் போட்டு. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “மடவை அளவுக்கு இல்ல” என்றாள். இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள்.

* * *

தீவுக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. அண்ணன் வாரத்தில் நான்கு நாள் போகிறான். எனக்குப் பதிலாக அத்தை மகன் ஏறுகிறான். அவனுக்கும் பாதம் பேசும். போன வியாழக்கிழமை குரல் செய்தி வந்தது. “மோனா, இந்த முள்ளு இல்லாத தூண்டி கீதே, அத இன்னா பண்றது? தூக்கிப் போட மனசு வரல.”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி வெள்ளிக்கிழமை, என் விடுமுறை நாளில், விடிகாலையில் படகுத்துறைக்குப் போனேன். என்னிடம் வாரம் இரண்டு தடவையாவது திட்டு வாங்கும் மாலுமி ஒருவர் கிளம்பத் தயாராக இருந்தார். உங்களோடு வர வேண்டும், கம்பைப் பிடிக்க வேண்டும், மீனை ஒரு தடவையாவது நானே தூக்க வேண்டும் என்றேன். அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். அவர்கள் மொழியில் அவர் கேட்டது எனக்குப் புரிந்தது.

“வெப்பமானி பிடிக்கிற கைக்குக் கம்பு எதுக்குமா?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டுவிட்டு நான் படகில் ஏறியிருந்தேன்.